காசு நமது, சாவியும் நமதாகட்டும்!

தோழர்களே!

திருச்சி சிங்காரத்தோப்பில் செல்போன் சர்வீஸ் மேசை முன் குனிந்து குனிந்தே கழுத்து தேய்ந்த தம்பிகளே, மழையிலும் கம்பம் ஏறி வயர் இழுக்கும் கேபிள் லைன்மேன்களே, கோர்ட்டு வாசலில் ஜெராக்ஸ் மெஷினை நம்பிக் குடும்பம் நடத்தும் அக்கா அண்ணன்மாரே, ஸ்ரீரங்கம் உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் பென்ஷனிலிருந்து மாதாமாதம் டிவி பெட்டிக்குக் கட்டும் பெரியவர்களே, ஹாஸ்டல் அறையில் நாலு பேர் காசு போட்டு ஒரு ஓடிடி சந்தா வாங்கும் மாணவர்களே! உங்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை. செல்போன் கடைக்காரரின் குறை கேபிள்காரருக்குத் தெரியாது. கேபிள்காரரின் குறை ஜெராக்ஸ் கடைக்குத் தெரியாது. ஆனால் எல்லார் வயிற்றெரிச்சலும் ஒன்றுதான். காசு கொடுத்து நாம் வாங்கிய பொருளின் சாவி, விற்றவன் கையிலேயே இருக்கிறது. தனித்தனியாகப் புலம்பியது போதும்.

சிங்காரத்தோப்புக் கடைகளில் அன்றாடம் நடப்பதைச் சொல்கிறேன். தம்பிகளுக்கு இது பழக்கம், மற்றவர்கள் கேளுங்கள். டிஸ்ப்ளே உடைந்த பழைய ஐபோன் ஒன்று வருகிறது. தம்பி அதை ஹீட் பேடில் வைத்துப் பசையை இளக்குகிறான். மெல்லிய பிளாஸ்டிக் பிக்கை விளிம்பில் நுழைத்து, வயர் அறுந்துவிடாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பிரிக்கிறான். நெல்லுமணியிலும் சின்ன ஸ்க்ரூக்கள். எது எந்தத் துளைக்கு உரியது என்று தெரிய மேட்டில் வரிசையாக வைக்கிறான். போர்டு செத்துப்போன அதே மாடல் போன் ஒன்று அவனிடம் இருக்கிறது. அதிலிருந்து கழற்றிய டிஸ்ப்ளேயைப் பொருத்துகிறான். அதே கம்பெனி, அதே ஆலை, அசல் சரக்கு. திரை எரிகிறது, தொட்டால் ஓடுகிறது. ஆனால் செட்டிங்ஸுக்குள் போனால் இந்தப் பாகம் எங்களுக்குத் தெரியாத பாகம் என்று எச்சரிக்கை நிற்கிறது. அறை வெளிச்சத்துக்கு ஏற்பத் திரையின் நிறம் மாறும் வசதி காணாமல் போயிருக்கிறது. ஏன்? போர்டில் உள்ள சிப் தன்னோடு பிறந்த டிஸ்ப்ளேயின் சீரியல் எண்ணை நினைவில் வைத்திருக்கிறது. வேறு எண் வந்தால் கம்பெனி சர்வர் தலையசைத்தால்தான் அது ஏற்றுக்கொள்ளும். 2019ல் வந்த ஐபோன் 11லிருந்தே திரைக்கு இந்த எச்சரிக்கை உண்டு. போனை வாங்க வந்தவர் அந்த வரியைப் படித்துவிட்டு, "காப்பி டிஸ்ப்ளே போட்டு ஏமாத்திட்டியாப்பா?" என்கிறார். தம்பியால் என்ன சொல்ல முடியும்? அசல் பாகத்தைப் போட்டவனுக்குத்தான் இந்தத் திருட்டுப் பட்டம்.

இனி இன்னொரு கேள்வி. அந்த ஐபோன்களில் எத்தனையோ ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் பூட்டப்படுபவை. பூட்டுகிறவர்கள் விடுதிகளில் தங்கி ஷிப்டு பார்க்கும் நம் வீட்டுப் பெண்கள். ஸ்ரீபெரும்புதூரில் அக்கா பூட்டிய ஸ்க்ரூவைத் திருச்சியில் தம்பி கழற்றினால் அது எப்படித் தப்பாகும்? பூட்டுவதற்குத் தமிழ்நாட்டுக் கை நம்பிக்கையான கை, கழற்றும்போது மட்டும் சந்தேகத்துக்குரிய கையா?

ஸ்ரீபெரும்புதூரில் பிறந்து ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்த ஒருவரை இந்த ஊர் நன்றாக அறியும். குரு ரகசியமாகக் கொடுத்ததை, வெளியே சொன்னால் நரகம்தான் என்று எச்சரிக்கப்பட்ட பிறகும், திருக்கோட்டியூர்க் கோபுரத்தில் ஏறி நின்று ஊருக்கே சொன்னார் என்று குருபரம்பரைக் கதை சொல்கிறது. ராமானுஜரைப் போய் செல்போன் தகராறுக்கு இழுக்கிறானே என்று ஸ்ரீரங்கத்துப் பெரியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். சர்க்யூட் வரைபடத்தையும் சர்வீஸ் மேனுவலையும் பரம ரகசியமாகப் பூட்டி வைத்திருப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் கோபுரம்தான் நினைவுக்கு வருகிறது.

பழுது பார்க்க நமக்குத் தகுதி இல்லை என்று யாராவது சொன்னால், அவர்களைப் பொன்மலை ரயில்வே பணிமனைக்கு அழைத்துப் போங்கள். நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை நீராவி இஞ்சின்களைச் செய்து தந்தது சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் ஆலை. அங்கிருந்து பாகம் வரும் காலம் மலையேறிவிட்டது. பொன்மலைப் பணிமனைத் தொழிலாளர்கள் என்ன செய்தார்கள்? பாகங்களைத் தாங்களே வார்த்தார்கள், கடைந்தார்கள், கடைசியில் முழு இஞ்சினையே புதிதாகக் கட்டி மேட்டுப்பாளையத்துக்கு அனுப்பினார்கள். பல் சக்கரத்தைப் பற்றிக்கொண்டு மலையேறுகிற இஞ்சின் அது; தடம் புரண்டால் உயிர் போகும். அதைச் செய்கிற ஊருக்குச் செல்போன் பேட்டரி மாற்றத் தெரியாதாம்!

பேட்டரி என்றதும் பாதுகாப்பு என்பார்கள். கண்ட கடையில் பேட்டரி மாற்றினால் வெடிக்கும் என்பார்கள். நியாயமான பயம்தான். அப்படியானால் அசல் பேட்டரியை எல்லாக் கடைக்கும் நியாய விலைக்கு விற்றுவிட்டுப் போகலாமே! அசலை விற்க மாட்டோம், போலி ஆபத்து, ஆகவே எங்களிடமே வா என்பது பாதுகாப்புப் பேச்சா, வியாபாரப் பேச்சா?

இதே வாதத்தைக் கார் கம்பெனிகள் ஏற்கெனவே சொல்லிப் பார்த்தன. 2011ல் தனிமனிதர் ஒருவர் இந்தியப் போட்டி ஆணையத்தில் புகார் கொடுத்தார். வெளி மெக்கானிக்குகளுக்கு உதிரிபாகமும் தொழில்நுட்பத் தகவலும் தர மறுக்கிறார்கள் என்பதே புகார். அறிவுச் சொத்து, பயணிகள் பாதுகாப்பு என்று கம்பெனிகள் வாதாடின. 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விழுந்தது. பாகங்களையும் தகவல்களையும் வெளிக் கடைகளுக்குத் திறந்துவிடு என்றும் ஆணையம் சொன்னது. அபராதம் மேல்முறையீடுகளில் இழுபட்டது உண்மை. ஆனாலும் விற்ற பிறகும் சந்தையைக் கட்டிப்போடுவது சட்டப்படி தப்பு என்று இந்த நாட்டில் எழுதி வைத்தாகிவிட்டது. ஒரே ஒருவரின் புகாரில் தொடங்கிய காரியம் அது. நாம் எத்தனை பேர்!

வெளிநாட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விதி வந்துவிட்டது: ஒரு செல்போன் மாடல் விற்பனையை நிறுத்திய பிறகும் 7 ஆண்டுகளுக்கு முக்கிய உதிரிபாகம் கிடைக்க வேண்டும், கேட்டால் 5 முதல் 10 வேலை நாளுக்குள் வந்து சேர வேண்டும், மென்பொருள் அப்டேட் குறைந்தது 5 ஆண்டுக்குத் தர வேண்டும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம், நான் மேலே சொன்ன சீரியல் எண் பூட்டையே தடை செய்யும் சட்டத்தை 2024 மார்ச்சில் போட்டது. அடுத்த மாதமே, பழைய போனிலிருந்து கழற்றிய அசல் பாகங்களைச் சில மாடல்களில் ஏற்றுக்கொள்வோம் என்று ஆப்பிள் இறங்கி வந்தது. நெருக்கினால் இறங்குவார்கள், தோழர்களே. பிரிண்டரிலும் இதே கதைதான்: வேறு கம்பெனி கார்ட்ரிட்ஜ் போட்டால் வேலை செய்யாதபடி பூட்டு வைத்துவிட்டு, அதை வாங்குபவரிடம் சரியாகச் சொல்லாததற்காக இத்தாலியின் போட்டி ஆணையம் 2020 டிசம்பரில் ஹெச்பிக்கு 1 கோடி யூரோ அபராதம் போட்டது. ரீஃபில் செய்த கார்ட்ரிட்ஜை மெஷின் மறுத்துவிட, வரிசையில் நிற்கும் வக்கீல் குமாஸ்தாவிடம் திட்டு வாங்கும் ஜெராக்ஸ் கடை அக்கா இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

டெல்லியிலும் ஒன்றும் நடக்காமல் இல்லை. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை'க்குக் குழு போட்டது. அந்த ஆண்டு டிசம்பர் 24 அன்று ஓர் இணைய வாசலும் திறந்தது. போய்ப் பாருங்கள்: பெரும்பாலும் கம்பெனிகளின் சொந்த சர்வீஸ் சென்டருக்கும் கஸ்டமர் கேருக்கும்தான் வழி காட்டுகிறது. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் தம்பிக்கு வேண்டிய சர்க்யூட் வரைபடம் அங்கே கிடைப்பதில்லை. அடுத்து 2025 மேயில் இன்னொரு குழு அறிக்கை கொடுத்தது. செல்போனையும் டேப்லட்டையும் எவ்வளவு எளிதாகப் பழுது பார்க்கலாம் என்று மதிப்பெண் போட்டு, அதை விற்கும் இடத்திலேயே காட்ட வேண்டும் என்பது பரிந்துரை. பிரிப்பது எளிதா, பாகம் கிடைக்குமா, கருவி கிடைக்குமா, தகவல் தருகிறார்களா, அப்டேட் எத்தனை காலம் என்றெல்லாம் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். நல்லது. ஆனால் மதிப்பெண் போடப் போவது யார்? கம்பெனியே தனக்குப் போட்டுக்கொள்ளுமாம். பரீட்சை எழுதிய பையனிடமே சிவப்பு மையைக் கொடுப்பதா? இந்த ஓட்டையோடு பரிந்துரை விதியாகிவிட்டால் அப்புறம் மாற்றப் பத்து வருஷம் ஆகும். அவசரம் என்று நான் கத்துவது இதற்காகத்தான்.

இனி டிவி பெட்டிக்கு வருகிறேன். கேபிள்காரர்களுக்கு இது ஆறாத புண்.

2011 மேயில் நம் ஸ்ரீரங்கம் தொகுதியில் ஜெயித்த ஜெயலலிதா முதல்வரானார். 2007ல் தொடங்கி முடங்கிக் கிடந்த அரசு கேபிள் நிறுவனத்துக்கு உயிர் கொடுத்து, செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு என்று கொண்டுவந்தார். அதற்குமுன் தனியார் ஆதிக்கத்தில் பட்ட பாட்டைப் பழைய ஆபரேட்டர்களைக் கேளுங்கள். யார் வயரை யார் எப்போது வெட்டுவார்கள் என்று தெரியாத காலம். அரசே வந்ததும் விடிந்துவிட்டது என்று நினைத்தோம். பிறகு டிஜிட்டல் வந்தது, வீட்டுக்கு ஒரு பெட்டி வந்தது. அந்தப் பெட்டிக்குள் இருக்கும் மென்பொருளைப் பற்றி அப்போது யார் யோசித்தார்கள்?

2022 நவம்பரில் அது தெரிந்தது. அரசு கேபிள் பெட்டிகள் லட்சக்கணக்கான வீடுகளில் இருண்டுபோயின. வயர் அறுபடவில்லை, கரண்ட் போகவில்லை. மென்பொருள் சேவை தந்த தனியார் நிறுவனம் நிலுவைத் தகராறில் முடக்கிவிட்டது என்று அரசுத் தரப்பே சொன்னது. தகராறில் யார் பக்கம் நியாயம் என்பதை விட்டுவிடுவோம். மாதச் சந்தா ஒழுங்காகக் கட்டியவருக்கு அந்தத் தகராறில் என்ன பங்கு? திட்டு வாங்கியது யார்? வீட்டு வாசலில் நின்ற லைன்மேன். எங்கோ ஓர் அறையில் இருக்கும் சர்வரால் உன் கூடத்தில் இருக்கும் பெட்டியைக் கொல்ல முடியும், மாநில அரசு நினைத்தால்கூட உடனே உயிர் கொடுக்க முடியாது என்று அன்று காட்டினார்கள். மூன்று மாதம் கழித்து, 2023 பிப்ரவரியில், புதிய விலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாத கேபிள் நிறுவனங்களுக்கு ஸ்டார், ஜீ, சோனி மூன்றும் சேனல்களை நிறுத்தின. சுமார் 4.5 கோடி வீடுகள் பாதிக்கப்பட்டன என்று கேபிள் நிறுவனங்களின் கூட்டமைப்பு சொன்னது. பெரிய ஆட்கள் மோதிக்கொள்ள, நசுங்கியது சந்தாதாரர்.

2019 பிப்ரவரி 1லிருந்து 'பார்க்கும் சேனலுக்கு மட்டும் பணம்' என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் சொன்னது நினைவிருக்கிறதா? அடிப்படைக் கட்டணம் 130, ஜிஎஸ்டி சேர்த்து 153 ரூபாய் 40 காசு, மேலே விரும்பிய சேனல். சொல்லக் கேட்க நன்றாக இருந்தது. ஆனால் தனிச் சேனலுக்கு ஒரு விலை, பத்து வேண்டாத சேனலோடு கட்டிக்கொடுத்தால் அதைவிடச் சல்லிசு என்று தொகுப்பு போட்டுத் தேர்வு செய்யும் உரிமையைப் பெயரளவுக்கு ஆக்கிவிட்டார்கள். 2024 ஜூலையில் அந்த 130க்கு இருந்த உச்சவரம்பும் போய்விட்டது.

எனக்கு இதைவிடப் பெரிய கோபம் பெட்டியின் மேல். 2011 ஜனவரியிலிருந்து செல் நம்பரை மாற்றாமல் கம்பெனி மாறலாம். டிவி பெட்டியைக் கம்பெனி மாற்றிப் போட முடியுமா? ஆபரேட்டர் மாறினால் காசு கொடுத்த பெட்டி பரணுக்குப் போகிறது. அங்கிருந்து அரியமங்கலம் குப்பைமேட்டுக்கு. எல்லாப் பெட்டியும் எல்லா நிறுவனத்துக்கும் வேலை செய்யும்படி கட்டாயமாக்கு என்று ட்ராயே 2020 ஏப்ரலில் பரிந்துரை செய்தது. அது பரிந்துரையாகவே தூங்குகிறது.

ஓடிடி பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். மாணவர்கள் என்னைவிட நன்றாகத் திட்டுவார்கள். விளம்பரம் இல்லை என்று நம்பிப் பணம் கட்டிய பிரைம் வீடியோவில் 2025 ஜூன் 17 முதல் விளம்பரம். அது வேண்டாம் என்றால் வருஷத்துக்கு இன்னும் 699 ரூபாய். 'வாங்கு' என்று பட்டன் வைத்து விற்பதும் உண்மையில் வாடகைதான். 2009ல் வாசகர்கள் பணம் கொடுத்து வாங்கிய மின்னூலை அமேசான் அவர்கள் கிண்டிலுக்குள்ளிருந்தே அழித்தது. அது ஆர்வெல்லின் '1984' என்பது காலத்தின் கிண்டல். பிறகு மன்னிப்புக் கேட்டார்கள், ஆனால் அழிக்கும் வசதியைக் கழற்றிப் போட்டார்களா? திருட்டுப் பிரதிக்குப் பயந்துதான் இத்தனை பூட்டு என்கிறார்கள். திருட்டுப் பிரதியை நான் ஆதரிக்கவில்லை; அது சினிமாத் தொழிலாளியின் வயிற்றில் அடிப்பது. ஆனால் டெலிகிராமில் திருடிப் பார்ப்பவனுக்கு இந்தப் பூட்டு எதுவும் இல்லை, பணம் கட்டியவனுக்குத்தான் எல்லாம்.

சரி, என்ன செய்வது?

கையில் சட்டம் இருக்கிறது. 2019ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ஒன்றை வாங்க இன்னொன்றையும் வாங்கியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதைப் புகாருக்குரிய வணிக நடைமுறையாகவே வைத்திருக்கிறது. கம்பெனியின் தலைமையகம் இருக்கும் ஊருக்கு நீங்கள் ஓட வேண்டியதில்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது திருச்சி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே புகார் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இணையத்திலும் தாக்கல் செய்யலாம். கம்பெனி திணித்த ஒப்பந்தமே அநியாயம் என்பது உங்கள் வழக்கு என்றால் அது மாநில ஆணையத்துக்குப் போகும். எல்லாவற்றுக்கும் மேல், ஒரே குறை உள்ள பலர் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்து ஒரே புகாராகப் போடலாம். 35ம் பிரிவு அதைச் சொல்கிறது. தனி ஆளின் 2,000 ரூபாய் வழக்கைக் கம்பெனி வக்கீல் கண்டுகொள்ள மாட்டார். ஐந்நூறு பேர் ஒரே மனுவில் வந்தால் விமானம் ஏறி வருவார்.

சந்தாவை ரத்து செய்ய விடாமல் சுற்றவிடுவது, கேட்காத பொருளைப் பில்லில் நுழைப்பது, குறைந்த விலை காட்டிக் கடைசித் திரையில் கட்டணம் ஏற்றுவது எல்லாம் 2023 நவம்பர் 30ல் வந்த வழிகாட்டு நெறியில் தடை செய்யப்பட்ட 13 தந்திரங்களில் அடக்கம். பார்த்த உடனே ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போடுங்கள், புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். போன் போட்டால் என்ன நடக்கும் என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். அந்த எண் பிறகு வழக்கில் ஆவணம்.

ஆனால் ஆணையத்தோடு மட்டும் நின்றால் இது பத்து வருஷ வேலை. பெரிய வாடிக்கையாளர் யார்? அரசு. 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் என்று தமிழ்நாடு அரசு 2025 பட்ஜெட்டில் அறிவித்தது. அத்தனை லட்சம் மெஷின் வாங்குகிறவர் டெண்டரில் இரண்டு வரி சேர்த்தால் எந்தக் கம்பெனி முரண்டு பிடிக்கும்? இத்தனை ஆண்டுக்கு உதிரிபாகம் தர வேண்டும், பழுதுபார்க்கும் கையேட்டை எல்லாருக்கும் வெளியிட வேண்டும். அரசு கேபிளுக்கு இனி பெட்டி வாங்கினால், அதன் மென்பொருள் மூலக் குறியீட்டின் பிரதி அரசின் கையில் இருக்க வேண்டும். இன்னொரு நவம்பர் வரக் கூடாது. இதைக் கேட்க நமக்குச் சென்னைக்குப் போகும் செலவுகூட இல்லை. திங்கட்கிழமைதோறும் கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டம் நடக்கிறது. ஒவ்வொரு திங்களும் ஒரு பகுதி: ஒரு வாரம் சிங்காரத்தோப்பு, ஒரு வாரம் ஸ்ரீரங்கம், ஒரு வாரம் பொன்மலை, திருவெறும்பூர். ஒரே கோரிக்கை, வேறு வேறு கையெழுத்துகள். டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்துக்குள் அந்த மனுக் கட்டு ஓர் ஆள் தூக்க முடியாத கனம் ஆக வேண்டும். டெல்லிக்கும் ஒரு பிரதி போகட்டும்: மதிப்பெண்ணை வெளி ஆள் சரிபார்க்க வேண்டும், ஐரோப்பாவுக்குத் தரும் 7 ஆண்டு பாகம் இங்கேயும் வேண்டும், சீரியல் எண் பூட்டு கூடாது.

இந்த ஊரில் நுகர்வோர் இயக்கம் புதிதல்ல. தமிழ்நாடு நுகர்வோர் பாதுகாப்புக் குழு திருச்சியில் இருந்துகொண்டுதான் பல பத்தாண்டுகளாக வழக்காடி வருகிறது. உச்ச நீதிமன்றம்வரை போயிருக்கிறது. அனுபவப்பட்டவர்களிடம் போய் உட்கார்ந்து கேளுங்கள், வெட்கமில்லை.

கடைக்காரத் தம்பிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. காப்பி பாகம் போட்டுவிட்டு ஒரிஜினல் என்று சொல்லும் கடை நம் தெருவிலும் உண்டு. வாடிக்கையாளரின் போட்டோக்களைத் தோண்டிப் பார்க்கும் விரல்களும் உண்டு. கம்பெனிகள் நம்மைக் காட்டி ஊரைப் பயமுறுத்துவதற்கு நாமே சரக்கு கொடுக்கலாமா? என்ன பாகம் போட்டோம், என்ன விலை, எத்தனை நாள் வாரண்டி என்று பில்லில் எழுதுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கவரில் போட்டு வாடிக்கையாளர் கையில் கொடுங்கள். இதைச் செய்யாத கடை நம் கோரிக்கை மனுவில் கையெழுத்துப் போட வேண்டாம் என்று நான் நேரடியாகவே சொல்கிறேன். கோபம் வந்தால் வரட்டும்.

மற்றவர்கள் இன்று இரவே அலமாரியைத் திறந்து பில்களைத் தேடுங்கள். போன், டிவி பெட்டி, பிரிண்டர், சந்தாவுக்குப் பணம் போன குறுஞ்செய்தி, சர்வீஸ் சென்டர் கொடுத்த எஸ்டிமேட், எதுவும் விட வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள். குறை நடந்த தேதியைப் பாருங்கள். புகாருக்குச் சட்டம் தரும் அவகாசம் 2 ஆண்டு. பில் தொலைந்திருந்தால் வாங்கிய இடத்தில் போய் நகல் கேளுங்கள். அடுத்த முறை எது வாங்கினாலும் பில் இல்லாமல் கடையை விட்டு இறங்காதீர்கள். தர மாட்டேன் என்றால் வாக்குவாதம் வேண்டாம், கடைப் பெயரையும் தேதியையும் எழுதிக்கொண்டு வாருங்கள்: பில் கொடுக்க மறுப்பதும் அதே 2019 சட்டத்தில் நேர்மையற்ற வணிக நடைமுறை, நம் மனுக் கட்டில் அதுவும் ஒரு புகாராகச் சேரும்.